பிளஸ் ஒன்னில் எந்தக் கணக்கு எடுப்பது?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே பள்ளி வராண்டாவில் கேள்விகள் ஆரம்பித்துவிடும். “சார், பையன் கணக்கில் 78. ஃபர்ஸ்ட் குரூப் எடுக்கலாமா?” “பொண்ணுக்குக் கணக்குன்னா பயம். ஆனா அவ மாமா கம்ப்யூட்டர் குரூப்தான் போடணும்னு சொல்றார்.” “காமர்ஸ்ல சேர்ந்தா கணக்கே வராதுல்ல சார்?”

மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் நடத்த ஆரம்பித்து இருபது வருடம் தாண்டிவிட்டது. ஒவ்வொரு மே மாதமும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதை இந்த முறை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கும் நடுவில் ஒரு பகுதி உண்டு.

கணிதம் என்று பார்த்தால் பிளஸ் ஒன்னில் நான்கு வழிகள் இருக்கின்றன: உயிரியலோடு கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸோடு கணிதம், வணிகக் கணிதம், கணிதமே இல்லாத குரூப். இவற்றுக்கு வெளியே பாலிடெக்னிக்.

எதை வைத்து எடைபோடுவது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, கதவுகள். இந்தக் குரூப் எடுத்தால் எந்தெந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியும், எதற்கு முடியாது. இரண்டாவது, பின்னால் மனம் மாறினால் திரும்பிவர வழி உண்டா. பதினைந்து வயதில் எடுக்கும் முடிவு இது. மனம் மாறத்தான் செய்யும். மூன்றாவது, சுமை. எத்தனை புத்தகம், எத்தனை டியூஷன், ராத்திரி எத்தனை மணி. நான்காவது, பிள்ளையின் கை. இயற்கணிதம் அந்தக் கையில் தானாக ஓடுகிறதா, இல்லை ஒவ்வொரு வரியிலும் தடுக்கிறதா.

முதல் மூன்றையும் பெற்றோர் எப்படியாவது விசாரித்துத் தெரிந்துகொள்கிறார்கள். நான்காவதைப் பத்தாம் வகுப்பு மார்க்கே சொல்லிவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். பிள்ளைகள் பிளஸ் ஒன்னில் தடுமாறுவதற்கு நான் பார்த்த முதல் காரணம் அந்த நம்பிக்கைதான். அதனால் அதை முதலில் பேசிவிடுவோம்.

78 என்ற மார்க்குக்குள் என்ன இருக்கிறது

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளைப் பிரித்துப் பாருங்கள். ஒரு மார்க் கேள்வி 14. இரண்டு மார்க்கில் 10 கேள்வி, ஐந்து மார்க்கில் 10 கேள்வி எழுத வேண்டும். எட்டு மார்க்கில் இரண்டு: ஒன்று செய்முறை வடிவியல், ஒன்று வரைபடம். அந்த 16 மார்க்கையும் ஸ்கேல், காம்பஸ் வைத்துப் பழகிய பிள்ளை அப்படியே வாங்கிவிடும். ஒரு மார்க் கேள்விகளில் பெரும்பகுதியைப் புத்தகத்தின் பின்பக்கத்தைப் படித்தே போடலாம். அப்புறம் தேல்ஸ் தேற்றம், கோண இருசமவெட்டித் தேற்றம், திட்ட விலக்கம், கூம்பு உருளையின் கன அளவு. எல்லாமே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் வந்துவிடும்.

இவற்றை உழைத்துப் படித்த பிள்ளையின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வரைபடம் தவிர இயற்கணிதப் பாடத்தைத் தொடாமலே 75க்கு மேல் வாங்க முடியும். அதே 75ஐ, வரைபடத்தில் சறுக்கி இயற்கணிதத்தில் முழுசாக எடுத்த பிள்ளையும் வாங்கியிருக்கும். மார்க் ஷீட்டில் இருவருக்கும் ஒரே எண். பிளஸ் ஒன் ஜூலையில் இருவரும் வேறு வேறு இடத்தில் நிற்பார்கள்.

ஒரு வருடம் 86 மார்க்கோடு ஒரு பையன் என் வகுப்புக்கு வந்தான். நல்ல கையெழுத்து, சுத்தமான நோட்டு. முதல் வாரமே போர்டில் ஒரு கணக்குக் கொடுத்தேன்: அடைப்புக்குறிக்குள் எக்ஸ் பிளஸ் மூன்று, முழுதுக்கும் வர்க்கம், விரித்து எழுது. “எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ஒன்பது” என்று எழுதிவிட்டு உட்கார்ந்தான். நடுவில் வரவேண்டிய ஆறு எக்ஸ் இல்லை. திருத்தினேன், “ஆமா சார், மறந்துட்டேன்” என்றான். ஆறு மாதம் கழித்து வகை நுண்கணிதம் வந்தது. எக்ஸ் ஸ்கொயரை முதல் கொள்கையிலிருந்து வகையிட வேண்டும். அடைப்புக்குறிக்குள் எக்ஸ் பிளஸ் ஹெச், அதன் வர்க்கம். மறுபடியும் நடு உறுப்பை விட்டுவிட்டான். எக்ஸ் ஸ்கொயர் கழிந்துபோய் ஹெச் ஸ்கொயர் மட்டும் மிஞ்சியது. ஹெச்சால் வகுத்தால் ஹெச். ஹெச் பூஜ்யத்தை நெருங்கினால் விடை பூஜ்யம். இரண்டு எக்ஸ் வரவேண்டிய இடத்தில் பூஜ்யம். அவனுக்கு நுண்கணிதம் புரியவில்லை என்று வீட்டில் டியூஷன் மாற்றினார்கள். நுண்கணிதம் அவனுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. எட்டாம் வகுப்பில் விட்ட ஓட்டைதான் அங்கே வந்து தெரிந்தது.

அதிலிருந்து, குரூப் கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான்கு கணக்குக் கொடுக்கிறேன். வீட்டிலேயே கொடுத்துப் பாருங்கள். 15 நிமிடம், புத்தகம் இல்லாமல்:

1. எக்ஸ் பிளஸ் மூன்று, முழுதின் வர்க்கத்தை விரி.
2. ஆறு எக்ஸ் ஸ்கொயர், மைனஸ் ஏழு எக்ஸ், மைனஸ் மூன்று: காரணிப்படுத்து.
3. முதல் பின்னம்: மேலே ஒன்று, கீழே எக்ஸ் மைனஸ் ஒன்று. இரண்டாவது பின்னம்: மேலே ஒன்று, கீழே எக்ஸ் பிளஸ் ஒன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்துச் சுருக்கு.
4. ஒய் என்பது இரண்டு எக்ஸ் பிளஸ் மூன்று. எக்ஸை ஒய்யை வைத்து எழுது.

நான்கும் சரியாக வந்தால், மார்க் 65 ஆக இருந்தாலும் கணிதவியல் (முதல் இரண்டு குரூப்பிலும் வரும் கணிதப் பாடம்) எடுக்கலாம் என்று தைரியமாகச் சொல்வேன். இரண்டு வந்தால், மே, ஜூன் இரண்டு மாதமும் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தைத் திரும்பப் போட வேண்டும், போட்டால் எடுக்கலாம். ஒன்றுமே வரவில்லை என்றால் 90 மார்க் இருந்தாலும் பிள்ளையோடு உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

ஒரே பார்வையில்

| குரூப் | திறக்கும் கதவு | மூடும் கதவு | சுமை |
|---|---|---|---|
| உயிரியல் + கணிதம் | பொறியியல், மருத்துவம், அறிவியல் எல்லாம் | ஏறக்குறைய எதுவும் இல்லை | மிக அதிகம் |
| கம்ப்யூட்டர் + கணிதம் | பொறியியல், கட்டடக்கலை, அறிவியல், கணினி | மருத்துவம், நர்சிங் போன்றவை | அதிகம் |
| வணிகக் கணிதம் | பி.காம், சி.ஏ., பொருளாதாரம், பல கல்லூரிகளில் பி.சி.ஏ. | பி.இ., பி.டெக், மருத்துவம் | நடுத்தரம் |
| கணிதம் இல்லாத அறிவியல் | மருத்துவம், நர்சிங், கால்நடை, உயிர் அறிவியல் | பி.இ., பி.டெக், பி.எஸ்சி. இயற்பியல், புள்ளியியல் | அதிகம் |

இந்த அட்டவணையில் சொல்ல முடியாதவை நிறைய இருக்கின்றன.

உயிரியலோடு கணிதம்

ஊரில் இன்னமும் “ஃபர்ஸ்ட் குரூப்” என்றால் இதுதான். பொறியியல், மருத்துவம் இரண்டு கதவும் திறந்திருக்கும் என்பதால் பெற்றோருக்குப் பிடிக்கிறது. கதவு விஷயத்தில் அவர்கள் கணக்குச் சரிதான்.

கண்ணுக்குத் தெரியாத செலவு நேரம். உயிரியல் என்று ஒரே பாடமாக எழுதியிருந்தாலும் அதற்குள் உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்று இரண்டு தனிப் பகுதிகள். கணிதவியலில் பிளஸ் ஒன்னில் 12 பாடம், பிளஸ் டூவில் 12 பாடம். உயிரியலை மனதில் நிறுத்தப் படிக்க வேண்டும், கணிதத்தைத் தினமும் கையால் போட வேண்டும். இரண்டுக்கும் வேண்டிய நேரம் ஒரே ராத்திரிக்குள் இருக்கிறது.

நீட் தேர்வின் 720 மார்க்கில் பாதி, அதாவது 360, உயிரியல். கணிதத்துக்கு ஒரு மார்க்கும் இல்லை. மருத்துவம்தான் என்று பிள்ளை உறுதியாக இருந்தால் கணிதவியலுக்குப் போகும் ஒவ்வொரு மணி நேரமும் நீட்டிலிருந்து போகிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு இந்தக் குரூப்பை நான் சொல்வதில்லை.

யாருக்கு இது பொருந்தும்? இரண்டிலும் உண்மையான ஆர்வம் இருந்து, எது என்று இன்னும் தெரியாத பிள்ளைக்கு. கை ஓடுகிற பிள்ளைக்கு. பி.டெக் பயோடெக்னாலஜி, பயோமெடிக்கல் போன்றவற்றை நினைக்கிற பிள்ளைக்கும் இது நல்லது. அவையெல்லாம் பொறியியல் கலந்தாய்வில்தான் வருகின்றன, கணிதம் வேண்டும். நிறையப் பேர் இதைத் தெரியாமல் கணிதமில்லாத குரூப் எடுத்துவிட்டு பிளஸ் டூ முடிந்ததும் அழுகிறார்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸோடு கணிதம்

பொறியியல் நினைக்கும் பிள்ளைக்கு என் முதல் பரிந்துரை இது. உயிரியலின் இடத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வருவதால் சுமை தெளிவாகக் குறைகிறது. அந்த நேரம் கணிதத்துக்குக் கிடைக்கும்.

அந்த நேரத்துக்கு மதிப்பு உண்டு. பொறியியல் கலந்தாய்வு கட் ஆஃப் 200க்கு. அதில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பிள்ளை கணிதம் 80, இயற்பியல் 90, வேதியியல் 90. இன்னொரு பிள்ளை கணிதம் 95, இயற்பியல் 80, வேதியியல் 85. மூன்றையும் கூட்டினால் இருவருக்கும் 260. ஆனால் கட் ஆஃப் முதல் பிள்ளைக்கு 170, இரண்டாவது பிள்ளைக்கு 177.5. ஏழரை மார்க் என்பது கல்லூரியையே மாற்றிவிடும் வித்தியாசம். கட் ஆஃப் சமமாக வந்தாலும் முதலில் பார்ப்பது கணித மார்க்கைத்தான்.

இந்தக் குரூப்பில் ஒரு தவறான எண்ணம் சுற்றுகிறது: “கம்ப்யூட்டர் வேலைக்குப் போக கம்ப்யூட்டர் குரூப் படிக்கணும்.” அப்படி எதுவும் இல்லை. பொறியியலில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரக் கேட்பது கணிதம், இயற்பியல், வேதியியல். உயிரியல் படித்த பிள்ளையும் சேரலாம். அதேபோல் கம்ப்யூட்டர் பிடிக்கும், கணக்கு பிடிக்காது என்று சொல்லும் பிள்ளைக்கு இந்தக் குரூப் ஏமாற்றத்தைத்தான் தரும். வாரத்தில் பாதி நேரம் கணிதத்தோடுதான் போராட்டம்.

கதவுகளைப் பற்றி இரண்டு வார்த்தை. பி.ஆர்க். படிக்கக் கணிதம் கட்டாயம். என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) மூலம் விமானப்படைக்கோ கடற்படைக்கோ போக இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும், பெண்பிள்ளைகளும் போகலாம். அப்புறம், கணக்கை ரசித்துப் போடுகிற பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால், சிறுசேரியில் இருக்கும் சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட்டைப் பற்றி அதனிடம் சொல்லுங்கள். தனி நுழைவுத்தேர்வு வைத்து பி.எஸ்சி. ஆனர்ஸ் கணிதத்துக்குச் சேர்க்கிறார்கள். நம் வாசலிலேயே இருக்கிறது, நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்கூடத் தெரிவதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

வணிகக் கணிதம்

இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். ‘வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்’ என்ற இந்தப் பாடத்தை “கணக்கு வராதவங்க எடுக்கிறது” என்று ஊர் முழுக்கப் பேசுகிறார்கள். புத்தகத்தைத் திறந்து பார்த்தவர் அப்படிப் பேச மாட்டார்.

பிளஸ் ஒன்னில் அணிகள், இயற்கணிதம், பகுமுறை வடிவியல், முக்கோணவியல், வகை நுண்கணிதம் எல்லாம் உண்டு. அதோடு நிதிக் கணிதம்: கடன் தவணை, பங்கு, லாபப் பங்கு. ஒட்டுறவு, நிகழ்தகவு, செயல்முறைகள் ஆராய்ச்சி. பிளஸ் டூவில் தொகை நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடு, எண்ணியல் முறைகள், மாதிரியெடுத்தல், குறியீட்டெண், தரக் கட்டுப்பாடு. ஒரு கம்பெனிக்கு மூன்று கிடங்கு, நான்கு கடை; எந்தக் கிடங்கிலிருந்து எந்தக் கடைக்கு எத்தனை மூட்டை அனுப்பினால் லாரிச் செலவு குறையும் என்ற கணக்கைப் பிளஸ் டூ பிள்ளைகள் கட்டம் போட்டுத் தீர்க்கிறார்கள். மளிகைக் கடைக்காரர் மகள் ஒருத்தி இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு, அப்பா சரக்கு எடுக்கும் ஊர்களை வைத்து ஒரு கட்டம் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சம் இன்னும் நினைவிருக்கிறது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் பொறியியல் இரண்டாம் செமஸ்டரில் வந்த தாளின் பெயரே புள்ளியியலும் எண்ணியல் முறைகளும். அதன் அடிப்படையில் ஒரு பங்கை வணிகக் கணிதம் படித்த பிள்ளை பிளஸ் டூவிலேயே பார்த்திருக்கும். கணிதவியல் படித்த பிள்ளைக்கு அது புதுசு.

சி.ஏ. படிப்பின் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷனில் ஒரு முழுத் தாள், 100 மார்க், கணக்குதான்: வணிகக் கணிதம் 40, தர்க்கம் 20, புள்ளியியல் 40. தவறான விடைக்கு மார்க் குறைப்பும் உண்டு. சி.ஏ. சேர பிளஸ் டூவில் கணக்குப் படித்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை. ஆனால் படிக்காத பிள்ளை அந்த ஒரு தாளிலேயே திணறிவிடும். அதனால் காமர்ஸ் எடுத்து சி.ஏ. நினைத்தால், கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் இருக்கும் குரூப்பை விட வணிகக் கணிதம் இருக்கும் குரூப்பைத் தேடுங்கள். எல்லாப் பள்ளியிலும் இருக்காது. பக்கத்து ஊரில் இருந்தால் பஸ் ஏறிப் போவதும் தகும்.

ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆன்லைனில் நடத்தும் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பும் இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்து, பிளஸ் டூ எந்தக் குரூப்பில் முடித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் சேர்ந்த முதல் கட்டத்திலேயே கணிதமும் புள்ளியியலும் வரும். வணிகக் கணிதம் படித்திருந்தால் அங்கே நிற்க முடியும்.

இதன் மறைந்த செலவு ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: பி.இ. கதவு மூடிவிடும். “பிளஸ் டூ முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்” என்று இங்கே சொல்ல முடியாது. பொறியியலில் சின்ன ஆசையாவது இருந்தால் இந்த வழி வேண்டாம்.

கணிதம் இல்லாத குரூப்

இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி, கால்நடை மருத்துவம் என்று தீர்மானமாக இருக்கும் பிள்ளைக்கு இதுவே சரியான குரூப். நேரம் முழுவதும் வேண்டிய இடத்துக்குப் போகும்.

ஆனால் கணக்குக்குப் பயந்து இந்தக் குரூப்புக்கு வரும் பிள்ளைக்கு ஒன்று சொல்ல வேண்டும். கணிதப் பாடம்தான் இருக்காது, கணக்கு இருக்கும். பிளஸ் ஒன் இயற்பியலின் இரண்டாம் பாடமான இயக்கவியலிலேயே வெக்டரும், வகையிடலும், தொகையிடலும் வருகின்றன. ஜூன், ஜூலையில் அதை நடத்துவார்கள். கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்கே அது கணிதப் புத்தகத்தில் எட்டிலிருந்து பதினொன்று வரையான பாடங்களாக, மழைக்காலத்துக்குப் பிறகுதான் வரும். அவர்களாவது பின்னால் பிடித்துக்கொள்வார்கள். கணிதம் இல்லாத பிள்ளைக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. நீட்டில் இயற்பியலுக்கு 180 மார்க். பியூர் சயின்ஸ் என்று சொல்லும் இந்தக் குரூப் பிள்ளைகள் பலர் சறுக்குவது அங்கேதான். ஆகவே இந்தக் குரூப்பில் சேர்த்தால், முதல் ஒரு மாதத்துக்குள் சைன், காஸ், வெக்டர், சாதாரண வகையிடல் நான்கையும் யாரிடமாவது கேட்டுப் படிக்க ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் கேட்டால் உங்கள் பள்ளிக் கணித ஆசிரியரே பத்து வகுப்பு எடுப்பார், நான் எடுத்திருக்கிறேன்.

கணிதமும் அறிவியலும் இல்லாத வரலாறு, காமர்ஸ் குரூப்புகளில் சேரும் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் 200 கேள்வியில் 25 கேள்வி திறனறிவு. தனிவட்டி, விகிதம், மீ.பொ.வ. எல்லாம் அங்கே திரும்ப வரும்.

பாலிடெக்னிக்

பத்தாம் வகுப்பு முடித்து மூன்று வருட டிப்ளமோ. கையால் வேலை செய்யப் பிடிக்கும் பிள்ளைக்கு, சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய வீட்டுக்கு நல்ல வழி. டிப்ளமோ முடித்து பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரவும் முடியும். அங்கேதான் ஒரு பள்ளம். முதல் வருடக் கணிதத் தாள்களைத் தாண்டிவிட்டு, மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகள் நேராக இரண்டாம் வருடக் கணிதத்தில் போய் விழுவார்கள். டிப்ளமோ முடித்த கோடையில் முதல் வருடக் கணக்கைத் தாங்களாகவே படித்துவிட்டுப் போனால் பிழைத்துக்கொள்ளலாம்.

சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு

அங்கே பதினொன்றாம் வகுப்பில் மேத்தமேட்டிக்ஸ், அப்ளைட் மேத்தமேட்டிக்ஸ் என்று இரண்டு. அப்ளைட் 2020-21இல் வந்தது; நிதி, புள்ளியியல் பக்கம் சாய்ந்தது, ஏறக்குறைய நம் வணிகக் கணிதம் மாதிரி. பொறியியல் மனதில் இருந்தால் அப்ளைட் வேண்டாம். காமர்ஸ் என்றால் தயங்காமல் எடுக்கலாம். பத்தாம் வகுப்பில் பேசிக், ஸ்டாண்டர்ட் என்று பிரித்திருப்பதும் இதோடு சேர்ந்ததுதான். இரண்டுக்கும் பாடம் ஒன்று, கேள்வித்தாளின் கடினம் வேறு. பதினொன்றில் கணிதம் வேண்டும் என்று தோன்றினால் பத்தில் ஸ்டாண்டர்டே எழுதட்டும்.

எடுத்த பிறகு: பிளஸ் ஒன் வருடத்தைத் தொலைக்காதீர்கள்

கணிதவியல் எடுத்தாயிற்று. இனி முக்கியமான ஆபத்து ஒன்று இருக்கிறது.

சில பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை மேலோட்டமாக முடித்துவிட்டு, டிசம்பரிலேயே பிளஸ் டூ புத்தகத்தைத் திறந்துவிடுவார்கள். 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தபோது இது குறைந்தது. 2025-26இலிருந்து அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் பாரம் குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பழைய பழக்கம் திரும்பிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

ஏனென்றால் பிளஸ் டூ கணிதத்தின் 12 பாடங்களில், கடைசியாக வரும் தனிநிலைக் கணிதத்தைத் தவிர மற்ற எல்லாமே பிளஸ் ஒன்னின் மேல்தான் நிற்கின்றன. பிளஸ் ஒன் அணிக்கோவை தெரியாமல் பிளஸ் டூ முதல் பாடத்தில் நேர்மாறு அணி போட முடியாது. பிளஸ் ஒன் முக்கோணவியல் இல்லாமல் கலப்பெண்ணின் துருவ வடிவம் வராது, நேர்மாறு முக்கோணவியலும் வராது. வகையிடல், தொகையிடல் இரண்டும் பிளஸ் ஒன்னில். அவற்றின் பயன்பாடுகள் மட்டும்தான் பிளஸ் டூவில். பிளஸ் டூவில் ஐந்து மார்க் கணக்குகளில் பரப்பு, கன அளவு, வகைக்கெழுச் சமன்பாடு எல்லாம் தொகையிடல் கையில் இருந்தால்தான் முடியும்.

நான் என் பிள்ளைகளிடம் கேட்பது இவ்வளவுதான். பிளஸ் ஒன்னில் எல்லாவற்றிலும் நூற்றுக்கு நூறு வேண்டாம். முக்கோணவியல் சூத்திரங்கள், வகையிடல், தொகையிடல் மூன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். தினமும் ஐந்து கணக்கு, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் நோட்டின் ஓரத்தில் வகைக்கெழு என்றால் டெரிவேட்டிவ், எல்லை என்றால் லிமிட் என்று எழுதிக்கொண்டே வரட்டும். கல்லூரி முதல் மாதத்தில் அந்த ஓரக் குறிப்பு பெரிய துணை.

பள்ளி மாற்றுவதற்கு முன்

பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, கணக்கு நன்றாகச் சொல்லித்தருவார்கள் என்று பிளஸ் ஒன்னுக்குக் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள். ஃபீஸ் மட்டும் செலவு என்று நினைக்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் பொறியியல் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாயும் உண்டு. இரண்டு வருடம் பள்ளியை மாற்றினால் இட ஒதுக்கீடு போய்விடும். மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றுங்கள். இதைத் தெரிந்துகொண்டு மாற்றுங்கள்.

குரூப்பை மாற்றுவதென்றால்

சேர்ந்த பிறகு பிள்ளை தடுமாறினால், காலாண்டுத் தேர்வு வரை காத்திருக்க வேண்டாம். ஜூலை முடிவதற்குள் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். இடம் இருந்தால் அதே பள்ளியில் மாற்றித் தருவார்கள். கணிதத்திலிருந்து காமர்ஸுக்கு மாறுவது ஆகஸ்ட்டில்கூட சமாளிக்கக்கூடியது. காமர்ஸிலிருந்து கணிதத்துக்கு மாறுவது ஜூலையிலேயே கடினம். பிளஸ் டூ முடித்த பிறகும் இப்படித்தான்: கணிதம் படித்த பிள்ளை பி.காமோ சட்டமோ படிக்கப் போகலாம், மறுபக்கம் வர முடியாது. பி.காம் போனால் அக்கவுண்டன்சியைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அதனால் இரண்டுக்கும் நடுவில் உண்மையிலேயே ஊசலாடும் பிள்ளையைக் கணிதத்தில் உட்கார வைத்து ஒரு மாதம் பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

என்னைப் பார்க்க வரும்போது மார்க் ஷீட்டோடு, அந்த நான்கு கணக்கையும் பிள்ளை போட்ட தாளையும் கொண்டுவாருங்கள். அடித்துத் திருத்திய இடம் இருந்தால் அப்படியே இருக்கட்டும். நான் முதலில் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.